ஆள் கிடைக்கவில்லையா, ஆள் நிற்கவில்லையா?



சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் நான்கு வியாபாரிகள் சேர்ந்து நின்றால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. "கடைக்கு ஆளே கிடைப்பதில்லை ஐயா" என்பதுதான் அது. பருப்பு விலையிலும் ஜி.எஸ்.டி.யிலும் நமக்குள் ஆளுக்கொரு கருத்து உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று எந்த ஊர் வியாபாரியும் மாறுபட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நானும் பல வருடங்கள் இதையே சொல்லிக் கொண்டிருந்தவன்தான்.

இந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. நம் மாவட்டம் மழையை நம்பிப் பிழைக்கும் மாவட்டம். பிள்ளைகள் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த கையோடு பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். பெங்களூர் நமக்கு மூன்று மணி நேரப் பயணம். ஓசூர் அதைவிடக் கிட்டே. அங்கே தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்தால் வேலை முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம். நம் மளிகைக் கடையிலோ காலை எட்டு மணிக்கு வந்தவன் இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறான். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அதே கடைத்தெருவில், ஏறக்குறைய அதே சம்பளத்தில், பதினைந்து இருபது வருடமாக ஒரே ஆட்கள் நிற்கிற கடைகளும் இருக்கின்றன. அதற்கு அடுத்த கடையில் மூன்று மாதத்துக்கு ஒரு புது முகம். இரண்டு முதலாளிகளும் ஒரே மண்டியில்தான் சரக்கு எடுக்கிறார்கள். ஒரே விலைக்குத்தான் விற்கிறார்கள். பிறகு வித்தியாசம் எங்கே இருக்கிறது? இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. என் கடையில் நஷ்டப்பட்டுத் தெரிந்து கொண்டேன். அதை மறைக்காமல் எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்றுதான் இந்தக் கட்டுரை.

நான் செய்த தவறு

என்னிடம் ஒருவர் பதினான்கு வருடம் வேலை பார்த்தார். மூட்டை அடுக்க வந்தவர், பிறகு தராசுக்கு வந்தார், பிறகு பில் போட்டார். கடைசியில் நான் வெளியூர் போனால் கல்லாவையே பார்த்துக் கொண்டார். எந்த ஊர்க் கடைக்காரர் எத்தனை நாளில் பாக்கி கொடுப்பார் என்பதை என் பேரேட்டைவிட அவர் சரியாகச் சொல்வார். புளியைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தே ஈரம் எவ்வளவு, கொட்டை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது தப்பியது அபூர்வம்.

2018 தீபாவளி சமயம். இரவு கணக்கு முடிக்கும்போது எட்டாயிரம் ரூபாய் குறைந்தது. மூன்று தடவை எண்ணினோம். எனக்கு அலுப்பு, அதோடு கோபம். சரக்கு ஏற்றுவதற்காக நான்கைந்து சில்லறை வியாபாரிகள் கடையில் நின்று கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே வேலை ஆட்கள் எல்லோருடைய பையையும் கொட்டிக் காட்டச் சொன்னேன். அவருடைய பையையும் சேர்த்துத்தான். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பையைக் கொட்டினார். டிபன் பாக்ஸை எடுத்து மேசை மேல் வைத்து, அதன் மூடியையும் திறந்து காட்டிவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

நான்காம் நாள் பணம் போன வழி தெரிந்தது. லாரி வாடகைக்கு நானே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, சிட்டையில் எழுத மறந்திருக்கிறேன். துணி துவைக்கப் போடும்போது என் சட்டைப் பையிலிருந்தே லாரி ஆபீஸ் ரசீது கிடைத்தது. கணக்கைத் திருத்தி எழுதினேன். ஆனால் ஆட்களைக் கூப்பிட்டு "தவறு என்னுடையது" என்று சொல்லவில்லை. முதலாளி போய் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு வீண் கௌரவம்.

பொங்கல் முடிந்த மறுவாரம் அவர் வேலையை விட்டு நின்றார். "ஊரில் நிலத்தைப் பார்க்கணும் முதலாளி" என்றார். நான் எல்லோரிடமும் என்ன சொன்னேன் தெரியுமா? "காசுக்கு ஆசைப்பட்டுப் போய்விட்டான். இந்தக் காலத்தில் விசுவாசம் ஏது?" என்றுதான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார நேர்ந்தது. அதற்குள் அவர் தன் ஊரில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை போட்டிருந்தார். கை கழுவும் இடத்தில் நான் கேட்டேன்: "உனக்கு என்னப்பா குறை வைத்தேன்?" தயங்கித் தயங்கித்தான் பதில் வந்தது. "சம்பளத்தில் ஒரு குறையும் இல்லை முதலாளி. அன்றைக்கு என் பையைக் கொட்டினபோது அங்கே நின்றவர்களில் ஒருத்தர் எங்கள் சொந்தக்காரர். விஷயம் ஊர் வரைக்கும் போய்விட்டது. நாலு நாளில் நீங்கள் கணக்கைத் திருத்தினதைச் சிட்டையில் நானும் பார்த்தேன். எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்வீர்கள் என்று பொங்கல் வரைக்கும் காத்திருந்தேன்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. இரண்டு மாதத்துக்கு மேல் அந்த மனிதர் தினமும் கடைக்கு வந்து, தினமும் என் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்த வார்த்தைக்கு எனக்கு ஒரு பைசா செலவு கிடையாது.

திருக்குறளில் "தெரிந்து தெளிதல்" என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்புவதும் கேடு, ஆராய்ந்து நம்பிய பிறகு அவரைச் சந்தேகப்படுவதும் கேடு என்று அதில் வள்ளுவர் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதான். வியாபாரத்தில் அதன் பொருள் விளங்க எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

ஒரு நல்ல ஆள் போனால் என்ன போகிறது?

ஆள் போனால் ஒரு சம்பளம் மிச்சம் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. என் கடைக் கணக்கைச் சொல்கிறேன்.

அவர் போன பிறகு மூன்றரை வருடத்தில் அந்த இடத்துக்கு ஐந்து பேர் வந்து போனார்கள். ஒவ்வொருவருக்கும் சரக்கின் பெயர், ரகம், விலை, வாடிக்கையாளர் யார், யாருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம் என்று நானே பாடம் நடத்தினேன். ஒருவர் துவரம் பருப்பு போன பில்லில் கடலைப் பருப்பு விலையைப் போட்டார். இன்னொருவர் ஏற்கெனவே பாக்கி நின்றிருந்த கடைக்கு மேலும் இருபது மூட்டை கடனில் ஏற்றி அனுப்பிவிட்டார். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது நமக்குத் தெரியும். 26 கிலோ அரிசி மூட்டை சந்தைக்கு வந்த கதையும் தெரியும். அப்போது என்னிடம் பில் போட்டவர் புதிது. எந்த மூட்டைக்கு வரி, எந்த மூட்டைக்கு இல்லை என்று அவருக்குப் பிடிபடுவதற்குள் ஆடிட்டரிடம் நான் மூன்று முறை போய் நின்றேன்.

இவை கணக்கில் எழுத முடிந்த நஷ்டம். எழுத முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. பாலக்கோடு பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் சரக்குக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. அவரைத்தான் போனில் கூப்பிடுவார்கள். அவர் போன பிறகு அந்தப் பக்கத்து வாடிக்கை ஒன்றொன்றாகக் கழன்றது. அவருக்கு மாதம் 2,000 ரூபாய் கூட்டிக் கொடுத்திருந்தால்கூட வருடத்துக்கு 24,000 ரூபாய்தான். வராத பாக்கி மட்டுமே அதைவிட அதிகம். அவரோ அந்த 2,000 ரூபாயைக் கேட்கக்கூட இல்லை.

நாம் தராசைத் துடைத்து வைக்கிறோம். எலி கடிக்காமல் சாக்கைப் பார்த்துக் கொள்கிறோம். பதினைந்து வருட அனுபவம் உள்ள ஓர் ஆளின் மனது கெடாமல் பார்த்துக் கொள்வதைச் செலவு என்று நினைக்கிறோம். இதுதான் நம் கணக்கில் உள்ள பிழை.

ஸ்டூல் வந்தது, ஆள் உட்காரவில்லை

அந்தக் கல்யாணம் நடந்த அதே 2021-ல்தான் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது. அதன் வரலாறு நம் பத்திரிகை வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், நாள் முழுக்க உட்கார அனுமதி இல்லை என்பதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தையல் வேலை செய்து வந்த விஜி என்பவர் அவர்களைத் திரட்டினார். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. நம் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் இதற்கான திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதிய பிரிவு சேர்ந்தது. வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களைப் பற்றி 2010-ல் "அங்காடித் தெரு" என்று திரைப்படம் வந்தபோது நம்மில் பலருக்கு வருத்தம். நம்மை இப்படிக் காட்டிவிட்டார்களே என்று. பதினோரு வருடம் கழித்து அதுவே சட்டமாக வந்து நின்றது.

சட்டம் வந்ததும் நானும் இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் வரை அதில் யாரும் உட்காரவில்லை. சரியாகச் சொன்னால், நான் கடையில் இருக்கும்போது உட்காரவில்லை. நான் வெளியே போனால் உட்கார்ந்தார்கள். என் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார்கள். பருப்பு புடைத்துச் சுத்தம் செய்ய வரும் ஓர் அம்மாவுக்குக் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு வருகிற வியாதி அது. அவரும் மூட்டை மேல் சாய்ந்துதான் நின்றார், ஸ்டூலைத் தொடவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டூலைச் சட்டம் கொண்டு வந்து போடலாம். அதில் உட்காரும் தைரியத்தை முதலாளி ஒருவர்தான் கொடுக்க முடியும். ஒரு நாள் மதியம் கூட்டம் இல்லாத நேரம் நானே ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா, ஆள் வந்தால் எழுந்துக்கலாம்" என்றேன். மற்றவர்களையும் பார்த்துச் சொன்னேன். இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. வேலை ஒன்றும் கெடவில்லை. சாயங்காலக் கூட்டத்தில் முன்பைவிடச் சுறுசுறுப்பாக நின்றார்கள் என்பதே என் அனுபவம்.

அந்த வருட ஆயுத பூஜைக்குப் பழைய ஆளை வீட்டுக்குப் போய் அழைத்தேன். வந்தார். பூஜை முடிந்ததும் வேலை ஆட்கள், வாடிக்கைக்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும் 2018 தீபாவளி இரவில் நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் கண் கலங்கினார். பொரி கடலை வாங்கிக் கொண்டு போனார். திரும்பி வேலைக்கு வரவில்லை. வரவும் மாட்டார். இன்றும் அவர் கடைக்குச் சரக்கு எடுப்பது வேறு ஒரு மண்டியில்தான். உடைந்ததை ஒட்ட வைக்கலாம், பழையபடி ஆக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டுக் கொண்டிருந்த மற்ற ஆட்களில் ஒருவர்கூட இதுவரை என்னை விட்டுப் போகவில்லை.

முன்னோர் காட்டிய வழி

ஆட்களை வளர்த்து நிறுத்துவது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை அல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடை நடத்திய காலத்தில் இதற்கு ஒரு முறையே வைத்திருந்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் கணக்குப் பழகி, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் ஏஜெண்டாக உயரலாம். ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். தவணை முடிந்து திரும்பும்போது லாபத்தில் பங்கும் உண்டு. இப்படி வேலை பார்த்தவர்கள் பிற்காலத்தில் தாமே முதலாளிகளாகக் கடை வைத்தார்கள். கடல் தாண்டி, கண்காணிக்க ஆளில்லாத இடத்தில், லட்சக்கணக்கான பணத்தை ஓர் ஊழியரை நம்பி ஒப்படைத்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் இருந்தது இந்த ஏற்பாடுதான். அவர் எங்கே போய்ச் சேரலாம் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும்.

பெரிய தொழில் உலகத்திலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் 1913-ல் நம் நிலைமைதான். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக அந்த ஒரே வருடத்தில் 50,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. வருகிறவர்கள் நிற்கவில்லை. 1914 ஜனவரியில் ஃபோர்டு ஒரு முடிவு எடுத்தார். ஒன்பது மணி நேர வேலையை எட்டு மணி நேரமாகக் குறைத்தார். இரண்டரை டாலருக்கும் குறைவாக இருந்த தினக்கூலியை ஐந்து டாலர் வரை உயர்த்தினார். மற்ற முதலாளிகள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஆள் ஓடுவது நின்றது, உற்பத்தி பெருகியது. அவர் தர்மத்துக்காக இதைச் செய்யவில்லை. ஆள் ஓடுவதால் வரும் நஷ்டத்தை அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாம் போடுவதில்லை, அவ்வளவுதான்.

நம்மால் செய்யக் கூடியவை

ஃபோர்டின் லாபம் நமக்கு இல்லை. இரண்டு மூன்று ஆள் வைத்திருக்கும் மளிகைக் கடையில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். என் கடையில் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நேரமும் விடுமுறையும். கடைகள் சட்டப்படி நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. ஒரு வருடம் முடித்த ஊழியருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு உண்டு. அது போக நோய்க்காக 12 நாளும், தற்செயல் விடுப்பாக 12 நாளும் உண்டு. நம்மில் எத்தனை பேர் கொடுக்கிறோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம். எல்லோரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாமல், ஒருவரைக் காலையிலும் ஒருவரை மதியத்துக்கு மேலும் வரச் சொன்னால் கடையும் நடக்கும், ஆளும் வீடு போய்ச் சேருவார். விடுமுறையை முறை வைத்து ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். முதலாளியின் தயவால் கிடைப்பதற்கும், தனக்கு உரியது என்று எழுதி மாட்டியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு ஊழியருக்குத் தெரியும்.

இரண்டாவது, சம்பளம். இன்சொல் சம்பளத்துக்கு ஈடாகாது. கடை ஊழியர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் இருக்கிறது. அதில் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் மாறுகிறது. அதற்குக் கீழே கொடுத்துக் கொண்டு "குடும்பம் மாதிரி வைத்திருக்கிறேன்" என்று சொல்வதில் பொருள் இல்லை. சம்பளத் தேதி ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதிதான். "வசூல் வரட்டும், நாளைக்குப் பார்க்கலாம்" என்ற வார்த்தை அவர் வீட்டு வாடகைக்காரரிடமும் பால்காரரிடமும் செல்லாது.

மூன்றாவது, கூப்பிடும் முறை. நாற்பத்தைந்து வயதில் மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தவரையும் "கடைப் பையன்" என்கிறோம். "டேய்" என்று வாடிக்கையாளர் முன்னால் கத்துகிறோம். பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பெரியவர்களை அண்ணன் என்றோ அம்மா என்றோ அழைப்பதால் முதலாளி குறைந்துவிட மாட்டார். கண்டிக்க வேண்டியதைத் தனியே கூப்பிட்டுக் கண்டிப்போம். பாராட்டுவதை நாலு பேர் முன்னால் பாராட்டுவோம். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

நான்காவது, பண விஷயம். குறைந்துவிட்டது என்று ஆளைச் சோதிப்பதைவிட, குறையாத ஏற்பாடு செய்வது மேல். இப்போது என் கடையில் மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை என்று கல்லாவை எண்ணி, நானும் எண்ணியவரும் சிட்டையில் கையெழுத்துப் போடுகிறோம். நான் எடுத்தாலும் சீட்டு எழுதிப் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். எவர் பையையும் தொடுவதில்லை. தவறு நம்முடையது என்று தெரிந்தால், எந்த ஆட்கள் முன்னிலையில் குற்றம் சொன்னோமோ அந்த ஆட்கள் முன்னிலையில் ஒப்புக் கொள்ள வேண்டும். அதுவும் உடனே. என்னைப் போல மூன்று வருடம் தாமதிக்கக் கூடாது.

ஐந்தாவது, பாதுகாப்பு. பிரதமர் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு 436 ரூபாய். இரண்டுக்கும் தலா 2 லட்சம் ரூபாய் காப்பீடு. ஊழியரின் வங்கிக் கணக்கு வழியாகவே சேரலாம். விபத்துத் திட்டத்துக்கு 18 முதல் 70 வயது வரை, ஆயுள் திட்டத்தில் சேர 18 முதல் 50 வயது வரை. ஆக, ஓர் ஆளுக்கு வருடம் 456 ரூபாய். தீபாவளிக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் இனிப்புப் பெட்டியின் விலை அது. பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள கடைகளில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை சட்டப்படி சேர வேண்டியது. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பது கணக்கு. நம்மைப் போன்ற சிறு கடைகளுக்குச் சட்டம் கட்டாயம் ஆக்காவிட்டாலும், வருடா வருடம் அரை மாதச் சம்பளத்தை அவர் பெயரில் ஒதுக்கி வைத்தால், அவர் போகிற நாளில் வெறுங்கையோடு போக மாட்டார்.

ஆறாவது, மேலே போக வழி. மூட்டை தூக்கும் ஆளுக்குத் தராசு பழக்குங்கள். தராசுக்காரருக்கு பில் பழக்குங்கள். பில் போடுகிறவரைக் கொள்முதலுக்கு அழைத்துப் போங்கள். "தொழிலைக் கற்றுக் கொண்டு எதிரே கடை போட்டுவிடுவான்" என்று பயப்படுகிறோம். போடட்டுமே! மொத்த வியாபாரியாகிய எனக்கு அதைவிட நல்ல செய்தி எது? என்னிடம் கற்றவர் கடை வைத்தால் முதல் லோடு என் கடையிலிருந்து போக வேண்டும். நான் கடனில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். மனக்கசப்பு இல்லாமல் அனுப்பிய ஆள் நமக்கு ஆயுள்கால வாடிக்கைக்காரர். என் பழைய ஆள் விஷயத்தில் நான் இழந்தது ஓர் ஊழியரை மட்டும் அல்ல, ஒரு நல்ல வாடிக்கையையும்தான்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்களா?

இதையெல்லாம் சங்கத்தில் ஒரு நாள் சொன்னபோது வயதில் மூத்த ஒரு வியாபாரி, "இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான். உனக்கு அனுபவம் போதாது" என்றார். நியாயமான பயம்தான். என்னிடமும் சரக்கைத் திருடி விற்ற ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். ஆதாரத்தோடு பிடித்தேன், தனியே கூப்பிட்டுப் பேசினேன், கணக்கை முடித்து அனுப்பினேன். மரியாதை கொடுப்பது என்றால் கண்டிப்பை விடுவது என்று அர்த்தம் இல்லை. ஒழுங்காக நடக்கிறவரையும் திருடனையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பதுதான் மரியாதை. எல்லோர் பையையும் கொட்டச் சொன்ன அன்றைக்கு நான் செய்த தவறே அதுதான்.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. அவர்களோடு விலையில் போட்டி போட நம்மால் ஆகாது. குளிர்சாதனத்திலும் விளம்பரத்திலும் முடியாது. ஒரு வாடிக்கையாளர் உள்ளே வரும்போது "வாங்க அக்கா, போன தடவை வாங்கின பச்சரிசி நல்லா இருந்துச்சா?" என்று கேட்க, போன தடவையும் அங்கே நின்ற ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள்தான் நம் கடையின் மூலதனம். அவர் மாதா மாதம் மாறினால் நமக்கும் பெரிய கடைக்கும் வேறுபாடு கிடையாது. விலையில் மட்டும் நாம் கூடுதலாக இருப்போம்.

மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். நமக்கு மரியாதை வேண்டும், அதிகாரிகள் நம்மை வாடிக்கையாளர் முன்னால் கள்வர்களைப் போல நடத்தக் கூடாது என்று மேடையில் முழங்குகிறோம். மிகச் சரியான கோரிக்கை. அதற்கு நான்கு நாள் முன்னால் மே 1 வருகிறது. மாநாட்டில் நாம் கேட்பதை, அந்த நான்கு நாள் முன்னதாக, நம் கடைக்குள் நிற்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனால், மேடையில் நம் குரல் இன்னும் உரக்க ஒலிக்கும்.

நாளை காலை கடை திறந்ததும் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் கடையில் உள்ள ஸ்டூலைப் பாருங்கள். அதில் நீங்கள் இருக்கும்போது உங்கள் ஆள் உட்காருகிறாரா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். அதைத் தொடர்ந்து, ஏதாவது ஒரு நாளில் நாலு பேர் முன்னால் நீங்கள் சொல்லி, திருப்பி எடுக்காமல் விட்ட வார்த்தை ஏதும் உண்டா என்று யோசியுங்கள். இருந்தால் பொங்கல் வரைக்கும் காக்க வைக்காதீர்கள்.